மீன் தொட்டியில் விளைந்த பச்சைப் பயிர்

உங்கள் வீட்டில் மீன் தொட்டி இருக்கிறதா? இல்லையென்றாலும் அடுத்த வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பார்த்திருப்பீர்கள். தோட்டத்து லயத்தில் வாழ்ந்த காலத்தில் நாம் ஆடு வளர்த்தோம், மாடு வளர்த்தோம், கோழி வளர்த்தோம். தாமான் வீட்டுக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் வந்த பிறகு ஓர் ஆட்டுக்குட்டியைக் கட்டி வைக்கக்கூட இடமில்லை. உயிருள்ள ஒன்றை வளர்த்துப் பார்க்கப் பிள்ளைகள் ஆசைப்பட்டால், கூடத்து மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து நான்கு மீன்களை விடுகிறோம்.

முதல் மாதம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். இரண்டாம் மாதம் கண்ணாடியில் பச்சைப் புள்ளி விழும். மூன்றாம் மாதம் தண்ணீரே பச்சையாகி, உள்ளே மீன் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியதாகிவிடும். தொட்டியைக் கவிழ்த்துச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவுவார்கள். ஒரு வாரம் பளபளக்கும். மறு வாரம் மீண்டும் பச்சை. பிறகு கடையில் மருந்து வாங்கி ஊற்றுவார்கள். மீன் செத்து மிதக்கும். தொட்டி பின்கட்டுக்குப் போய்ப் பழைய செருப்புகளுக்கு இடமாகிவிடும்.

இப்படி முடிந்த தொட்டிகளைக் காப்பாரில் எங்கள் ஒரே வரிசையில் நான்கு வீடுகளில் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். வாசக நேயர்களே, பாசியை அழுக்கு என்று நினைப்பதால்தான் இவ்வளவு தொல்லை. பாசி ஒரு பயிர். அதற்கு உரம் போட்டு வெயில் காட்டி வளர்ப்பவர்கள் நாமேதான். இதைத் தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் ஏற்கெனவே அறிந்ததைத் தொட்டியின் பக்கம் திருப்பிவிட்டால் போதும்.

பேரன் வாங்கிய தொட்டி

என் மூத்த மகன் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறான். மருமகள் மேரு பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. பேரன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். அதிகம் பேசாத பிள்ளை. பள்ளி விட்டு வந்தால் அவனுக்குத் துணை நானும் தொலைக்காட்சியும்தான். சென்ற தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் பணத்தையெல்லாம் சேர்த்துவைத்து, இரண்டு அடி நீளத்தில் ஒரு தொட்டி வாங்கினான். தங்க மீன் நான்கு, கப்பி மீன் பத்து. அன்றிலிருந்து பிள்ளை பேச ஆரம்பித்தான். எந்த மீன் எதைத் துரத்தியது, எது குட்டி போட்டது என்று சாப்பாட்டு வேளையில் சொல்லுவான். மருமகள் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரிப்பாள்.

மூன்றாம் மாதம் தண்ணீர் பச்சையானது. பேரன் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரை முழுவதும் கொட்டி மாற்றினான். பச்சை போகவில்லை, மீன்கள்தான் போயின. விடிகாலையில் எழுந்து பார்த்தால் மீதி மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். ஒரு வாரத்தில் ஐந்து மீன்கள் செத்தன. பிள்ளையின் பேச்சும் குறைந்தது.

"கொசு வரும், நாத்தம் வரும். இந்தத் தொட்டியைத் தூக்கிப் போட்டுடலாம் அத்தை" என்றாள் மருமகள். மகனோ, பாசியைக் கொல்லும் மருந்து ஒரு போத்தல் வாங்கி வந்துவிட்டான். பேரன் என்னைப் பார்த்தான். "பாட்டி, மருந்து ஊத்தினா மீன் சாவாதா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்றே நினைத்தேன். பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனால் பதினேழு வயதிலிருந்து செம்பனைத் தோட்டத்தில் உரம் போட்டவள் நான். சில ஆண்டுகள் மருந்தும் அடித்தவள்.

பாரிட் தண்ணீர் காட்டிய பாடம்

காப்பார் வட்டாரத்துத் தோட்டங்களை அறிந்தவர்களுக்குத் தெரியும். கடலோரத் தாழ்நிலம். களிமண். நிலத்துக்குள் வரிசை வரிசையாகப் பாரிட் வெட்டித் தண்ணீரை வடியவிட்டால்தான் மரம் நிற்கும். அந்தப் பாரிட்டில்தான் நம் பிள்ளைகள் கப்பியும் சண்டை மீனும் பிடித்து விளையாடினார்கள்.

உரம் போடும் நாளில் விடியற்காலை பிரட்டுக்கு நிற்போம். இடுப்பில் வாளி, கையில் கிண்ணம். ஒரு மரத்துக்கு இத்தனை கிண்ணம் என்று மண்டோர் கணக்குச் சொல்வார். ஒரு மாதம் யூரியா, ஒரு மாதம் கிறிஸ்துமஸ் தீவிலிருந்து கப்பலில் வந்த பாஸ்பேட் தூள், ஒரு மாதம் சிவப்புப் பொட்டாஷ். மரத்தைச் சுற்றியுள்ள வட்டத்தில் சீராகத் தூவ வேண்டும். தூவிய இரண்டு நாளில் பெருமழை பெய்தால் உரம் அடித்துக்கொண்டு பாரிட்டுக்குப் போகும். அதற்கடுத்த வாரம் பாரிட்டைப் பாருங்கள். மட்டை நிழல் விழும் இடத்தில் தண்ணீர் பழைய நிறத்திலேயே இருக்கும். வெயில் படும் இடத்தில் பச்சை வண்ணம் கரைத்துவிட்டாற்போல் இருக்கும்.

உரமும் வெயிலும் சேர்ந்த இடத்தில் பச்சை. இரண்டில் ஒன்று குறைந்த இடத்தில் பச்சை இல்லை. பாசியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான பாடம் இதுதான்.

ஏரியின் நடுவே ஒரு திரை

நாம் பாரிட்டில் கண்டதைப் பெரிய விஞ்ஞானிகள் ஓர் ஏரியிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். கனடா நாட்டில் ஒண்டாரியோ மாநிலத்தின் வடமேற்கே ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கப்பட்ட சிறு ஏரிகள் உண்டு. 1973-ஆம் ஆண்டில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும், 226 என்று எண் கொண்ட ஏரியின் நடுவே கெட்டியான திரை கட்டி அதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனையும் தழைச்சத்தையும் கலந்தார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பேட் சத்தையும் கலந்தார்கள். பாஸ்பேட் கலந்த பாதி பச்சைப் பசேலென்று மாறியது. மற்ற பாதி பழையபடியே கிடந்தது. விமானத்திலிருந்து எடுத்த அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. சலவைத் தூளில் பாஸ்பேட்டைக் குறைக்க வேண்டும் என்று வாதாடியவர்களுக்கு அந்தப் படமே பெரிய சாட்சியாயிற்று.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் ஈரி என்ற பெரிய ஏரியின் கரையில் டொலிடோ நகரம் இருக்கிறது. வயல்களில் போட்ட உரம் மழையில் கரைந்து அந்த ஏரியில் சேர்கிறது. 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நீலப்பச்சைப் பாசி பெருகி அதன் நஞ்சு குடிநீரில் கலந்துவிட்டது. ஏறக்குறைய 4 லட்சம் மக்களைக் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று தடுத்தார்கள். காய்ச்சினாலும் போகாத நஞ்சு அது.

தொட்டிக்கு உரம் போடுவது யார்?

"பாரிட்டுக்கு உரம் தோட்டத்திலிருந்து வந்தது. எங்கள் தொட்டிக்கு யார் உரம் போட்டார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். மீன் தீனிதான் அந்த உரம்.

மீன் தீனியில் பெரும்பங்கு மீன் தூள். அதில் தழைச்சத்தும் பாஸ்பேட்டும் நிறைய உண்டு. மீன் தின்றதில் ஒரு பங்கு உடம்பில் சேரும். மீதி கழிவாகும். தின்னாமல் விட்ட தீனி கல்லுக்கடியில் அழுகும். இரண்டும் அம்மோனியாவாக மாறும். அம்மோனியா மீனுக்குக் கொடிய நஞ்சு. கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியிருக்கும் நல்ல கிருமிகள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கடைசியாக வரும் நைட்ரேட்டால் மீனுக்கு அவ்வளவு கேடில்லை. ஆனால் பயிருக்கு அது முதல்தர உரம்!

எங்கள் பேரன் ஒரு நாளைக்கு நான்கு வேளை தீனி போட்டான். பிள்ளையின் பாசம் அப்படி. மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் பசி என்று நினைத்தான். தொட்டியை ஜன்னல் ஓரம் வைத்திருந்தார்கள். கிழக்கு வெயில் இரண்டு மணி நேரம் நேராக விழும். அதற்கு மேல் தொட்டி விளக்கு காலையிலிருந்து இரவு படுக்கப் போகும்வரை எரியும். உரமும் உண்டு, ஒளியும் உண்டு. பயிர் விளையாமல் என்ன செய்யும்?

விடிகாலையில் மீன் ஏன் மேலே வந்து தவித்தது? பாசியும் செடிதான். பகலில் வெளிச்சம் இருக்கும்போது பிராணவாயுவை வெளிவிடும். இரவில் அதுவும் நம்மைப்போல் பிராணவாயுவை உள்ளே இழுக்கும். தண்ணீர் முழுவதும் பாசியாக இருந்தால் விடிவதற்குள் மீனுக்கு மூச்சுக்குப் பஞ்சம் வந்துவிடும்.

தண்ணீரை முழுவதும் மாற்றியும் ஏன் பயனில்லை? குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கிறது. கல்லையும் பஞ்சையும் குழாயடியில் பிடித்துக் கழுவினால் நல்ல கிருமிகள் சாகும். அம்மோனியாவை மாற்ற ஆளில்லாமல் மீன் நஞ்சில் தவிக்கும். தப்பிப் பிழைத்த பாசியோ மிஞ்சிய உரத்தைத் தின்று மீண்டும் தழைக்கும்.

மருந்துப் போத்தல்

மகன் வாங்கி வந்த போத்தலைத் திறக்க வேண்டாம் என்று சொன்னேன். அவன் கோபிக்கவில்லை, காரணம் கேட்டான். சொன்னேன்.

தோட்டத்தில் நாங்கள் முதுகில் தோம்பு சுமந்து லாலான் புல்லுக்கும் களைக்கும் மருந்து அடித்தோம். அடித்த நாலாம் நாள் புல் கருகும். மண்டோருக்குத் திருப்தி. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், வெயில் விழும் வெற்று நிலத்தில் மீண்டும் புல். மீண்டும் மருந்து. புல் ஓயவில்லை. எங்கள் கை நகங்கள்தான் நிறம் மாறிக் கழன்றன. சிலருக்கு மூக்கில் இரத்தம் வடிந்தது. அப்படி நாம் அடித்த மருந்துகளில் ஒன்றான பாராகுவாட்டைப் பற்றிப் பெண் தொழிலாளர்களின் வாக்குமூலத்தோடு தெனாகனித்தா அமைப்பு 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் அதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2006-இல் தடை தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதிதான் முழுத் தடை வந்தது. அதற்குள் எத்தனை பெண்களின் உடம்பு கெட்டதோ!

ஆனால் அதே தோட்டத்தில் இன்னொன்றையும் பார்த்தோம். இளங்கன்று நட்ட நிலத்தில் கொடி விதை தூவுவார்கள். அந்தக் கொடி தரையை மெத்தைபோல் மூடிக்கொள்ளும். வெயில் தரையில் விழாது. மண்ணில் உள்ள சத்தைக் கொடி எடுத்துக்கொள்ளும். களைக்கு மிச்சமில்லை. மருந்தால் ஓயாத களை, கொடியிடம் ஓய்ந்தது.

தொட்டிக்கும் இதே நியாயம்தான். பாசியைக் கொல்லும் மருந்துகள் சிலவற்றில் செம்புச் சத்து உண்டு. அது இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். அளவு மிஞ்சினால் மீனையும் கொல்லும். மருந்தால் ஒரே நாளில் செத்த பாசி தண்ணீரிலேயே அழுகும். அழுகும்போது பிராணவாயு குறையும். அழுகியது மறுபடி உரமாகும். உரமும் ஒளியும் அப்படியே இருக்கும்வரை புதுப்பாசி வராமல் இருக்காது.

பண்டாராயா மீனை நம்பலாமா?

மீன் கடைக்காரர் பேரனிடம் இன்னொரு வழி சொல்லியிருந்தார்: பண்டாராயா மீன். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டுவதால், நகரைத் துப்புரவு செய்யும் மாநகர் மன்றத்தின் பெயரையே மலாய்க்காரர்கள் அதற்கு வைத்துவிட்டார்கள். நல்ல நகைச்சுவைதான்!

கடையில் அது விரல் நீளம் இருக்கும். வளர்ந்தால் ஓர் அடியைத் தாண்டும். இரண்டு அடித் தொட்டியில் அது திரும்பக்கூட இடமிருக்காது. வளர வளரப் பாசி தின்னும் அக்கறை குறைந்து, மற்ற மீனுக்குப் போடும் தீனியைத் தேடும். அது போடும் கழிவோ ஏராளம். பாசியைத் தின்ன வந்தது பாசிக்கே உரம் போடும்.

இடம் போதாமல் மக்கள் அதை என்ன செய்கிறார்கள்? ஆற்றில் விடுகிறார்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் இன்று கிள்ளான் பள்ளத்தாக்கு ஆறுகளில் பெருகிக் கிடக்கிறது. உடம்பெல்லாம் கவசம்போல் இருப்பதால் மற்ற மீன்கள் அதை எளிதில் விழுங்க முடியாது. கரையில் குழி தோண்டி முட்டையிடும். மீனவர் வலையைக் கிழிக்கும். சிலாங்கூரில் தன்னார்வ இளைஞர்கள் ஆற்றில் இறங்கி இவற்றைப் பிடித்து அகற்றி வருகிறார்கள். ஆகவே, உங்களிடம் பெரிய பண்டாராயா இருந்தால் தயவுசெய்து ஆற்றிலோ அல்லூரிலோ விடாதீர்கள். கடைக்காரரிடமோ பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ கொடுத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் செய்தது

இப்போது நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். செலவு அதிகமில்லை. பொறுமைதான் வேண்டும். தொட்டிக்குள் கை விடுமுன் மின்சாரச் சுவிட்சை அடைத்துவிடுங்கள். இதைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுங்கள்.

ஒன்று, வெயிலை நிறுத்தினோம். தொட்டியை ஜன்னலிலிருந்து எடுத்து உள்சுவரோரம் வைத்தோம். தண்ணீரோடு தூக்கக் கூடாது. இரண்டு அடித் தொட்டியில் சுமார் 50 லிட்டர் பிடிக்கும். தூக்கினால் கண்ணாடி ஒட்டு விட்டுவிடும். விளக்குப் பிற்பகல் 2 மணிக்குப் பேரன் பள்ளி விட்டு வந்ததும் எரியும். இரவு 9 மணிக்கு அணையும். ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதுமானது.

இரண்டு, மூன்று நாள் இருட்டடிப்பு. தண்ணீரே பச்சையாகியிருந்ததால் இதைச் செய்தோம். முதலில் கால் பங்குத் தண்ணீரை மாற்றிவிட்டு, தொட்டியைப் பழைய கம்பளியால் நாலு பக்கமும் மூடினோம். காற்று மோட்டார் இரவு பகலாக ஓடியது. அது கட்டாயம் ஓட வேண்டும். தீனி போடவில்லை. நல்ல நிலையில் உள்ள வளர்ந்த மீன் மூன்று நாள் பட்டினியைத் தாங்கும். "பாட்டி, பசிக்காதா?" என்று பேரன் கம்பளியைத் தூக்கித் தூக்கிப் பார்க்க வந்தான். அவனைத் தடுப்பதுதான் எனக்குப் பெரும்பாடு! நாலாம் நாள் தண்ணீர் வெளிறியிருந்தது. செத்த பாசி அழுகாமல் இருக்க உடனே பாதித் தண்ணீரை மாற்றினோம்.

மூன்று, தீனியைக் குறைத்தோம். நாளுக்கு ஒரு வேளை. இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு மட்டும். வாரத்தில் ஒரு நாள் விரதம். மீன் வாயைத் திறப்பதெல்லாம் பசியால் அல்ல என்று பேரனுக்குப் புரியவைத்தேன்.

நான்கு, வாரம் ஒருமுறை ஒரு வாளித் தண்ணீர். ஏறக்குறைய கால் பங்கு. அதற்கு மேல் வேண்டாம். மாற்ற வேண்டிய தண்ணீரை முதல் நாளே வாய் அகன்ற வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். அவசரமென்றால் குளோரினை நீக்கும் துளி மருந்து மீன் கடையில் கிடைக்கும். கொசு வராமலிருக்க வாளியின் மேல் மெல்லிய துணி கட்டுங்கள். பழைய தண்ணீரைச் சிறு குழாயால் உறிஞ்சி எடுக்கும்போது கல்லுக்கடியில் தங்கிய கழிவையும் சேர்த்து எடுக்க வேண்டும். வடிகட்டியின் பஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். சவர்க்காரம் வேண்டவே வேண்டாம்.

ஐந்து, கொடியை விட்டோம். தோட்டத்துப் பாடம் இதுதான். சந்தையில் வாங்கிய கங்கோங் கீரையில் இலையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, கணு உள்ள தண்டுகளை நன்றாக அலசித் தொட்டியின் விளிம்பில் நிற்கும்படி செருகினோம். ஒரு வாரத்தில் வெள்ளை வேர் தொங்கியது. வெளிச்சம் குறைவான வீடாக இருந்தால் மணி பிளான்ட் கொடியின் தண்டை அப்படியே விடலாம்; வேர் மட்டும் தண்ணீரில், இலை வெளியே. பாசி தின்னக்கூடிய உரத்தை இவை தின்றுவிடும். கூம்புபோல் தழைத்தால் கிள்ளிவிடுங்கள். கிள்ளி எறியும் ஒவ்வொரு தண்டோடும் கொஞ்சம் உரமும் தொட்டியை விட்டு வெளியேறுகிறது.

ஆறு, மீன்களைக் குறைத்தோம். நான்கு தங்க மீனில் இரண்டுதான் பிழைத்திருந்தன. தங்க மீன் பெரிதாக வளரும்; கழிவும் அதிகம். சின்னத் தொட்டிக்கு அது ஏற்றதல்ல. வீட்டில் சிமெண்டுத் தொட்டி வைத்திருக்கும் ஒருவருக்கு அந்த இரண்டையும் கொடுத்தோம். பேரன் முகம் வாடியது. வாரம் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான்.

எந்தப் பாசி, என்ன சேதி?

எல்லாப் பாசியும் ஒன்றல்ல. நிறத்தைப் பார்த்தே ஓரளவு காரணம் சொல்லலாம்.

புதுத் தொட்டியில் பழுப்பு நிறத்தில் தூசிபோல் படிந்தால் பயப்பட வேண்டாம். தொட்டி புதியது என்பதன் அடையாளம் அது. நல்ல கிருமிகள் குடியேறிப் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். துடைத்துவிட்டுக் காத்திருந்தால் தானே குறையும்.

கண்ணாடியில் கெட்டியான பச்சைப் புள்ளி என்றால் வெளிச்சம் அதிகம். பயன்படாத பழைய வங்கி அட்டையால் சுரண்டினால் போய்விடும். ஆனால் பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் கீறல் விழும், பஞ்சால் துடையுங்கள்.

நூல்போல் நீளமாகத் தொங்கும் பாசியைப் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷில் சுற்றி இழுத்தால் நூல் கண்டுபோல் வந்துவிடும். பிறகு விளக்கையும் தீனியையும் குறையுங்கள்.

கல்லின் மேல் நீலப்பச்சைப் போர்வைபோல் படர்ந்து, மண் வாடை வீசினால் அது உண்மையில் பாசியே அல்ல, பாக்டீரியா இனம். டொலிடோ நகரத்தைத் தவிக்கவிட்டதும் இதன் உறவுதான். கழிவு தேங்கி, தண்ணீர் ஓடாத மூலையில் இது வரும். உறிஞ்சி எடுத்துவிட்டு, தண்ணீரைச் சுழலவிட்டு, மூன்று நாள் இருட்டடிப்புச் செய்யுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

ஆறு வாரம் கழித்து

இதை எழுதும்போது ஆறு வாரம் ஆகிறது. தண்ணீர் தெளிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு மீனும் சாகவில்லை. கப்பி குட்டி போட்டிருக்கிறது. தொட்டியின் பின்புறக் கண்ணாடியில் மட்டும் மெல்லிய பச்சை உண்டு. அதைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குட்டிகள் அதைக் கொத்தித் தின்கின்றன. பாசி நம் எதிரி அல்லவே! பூமியில் செடிகொடிகள் வெளிவிடும் பிராணவாயுவில் ஏறக்குறைய பாதி, கடலில் மிதக்கும் நுண்ணிய பாசிகளிடமிருந்துதான் வருகிறது. அளவோடு இருந்தால் அது அன்னம். அளவு மிஞ்சியதுதான் தொல்லை.

மருமகள் இப்போது தொட்டியை எறியச் சொல்வதில்லை. மாற்றி எடுக்கும் அந்தப் பச்சைத் தண்ணீரை அவள் வாளியோடு வாங்கிப் போய் மிளகாய்ச் செடிக்கும் கருவேப்பிலைக்கும் ஊற்றுகிறாள். யூரியா மூட்டை சுமந்த எனக்குத் தெரியும், அது இலவசமாகக் கிடைக்கும் உரம். மிளகாய் இந்த முறை கொத்தாகக் காய்த்திருக்கிறது. மருந்து ஊற்றியிருந்தால் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற மனம் வருமா?

பேரன் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறான். தீனி எத்தனை வேளை, விளக்கு எத்தனை மணி, தண்ணீர் என்றைக்கு என்று எழுதுகிறான். முதல் பக்கத்தில் நான் சொன்ன உரக் கணக்கு இருக்கிறது: ஒரு மரத்துக்கு எத்தனை கிண்ணம் யூரியா, எத்தனை கிண்ணம் பொட்டாஷ். "பாட்டி, நீங்க சயின்ஸ் படிச்சீங்களா?" என்று கேட்டான். "இல்லையப்பா, வேலை செஞ்சேன்" என்றேன்.

என் வயதுள்ள தோட்டத்துச் சகோதர சகோதரிகளே! பால் மரம் சீவியதும், உரம் போட்டதும், களை வெட்டியதும் தோட்டத்தோடு முடிந்துபோன கதை என்று நாமே சில வேளை சொல்லிக்கொள்கிறோம். பிள்ளைகள் கேட்டால், "அதெல்லாம் உனக்கெதுக்கு, நீ படி" என்று வாயை மூடிக்கொள்கிறோம். எந்த மண்ணுக்கு எது ஆகும், நிழலில் எது வளரும், வெள்ளம் எந்தப் பக்கம் வடியும், எந்த மருந்து கையைக் கெடுக்கும் என்பதெல்லாம் பல ஆண்டு உழைத்து நாம் கற்றவை. அடுத்த முறை பேரப்பிள்ளையின் தொட்டி பச்சையானால், கடைக்கு ஓடுமுன் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாரிட்டின் கதையைச் சொல்லுங்கள். பிறகு இருவருமாகத் தீனி டப்பாவை மேல் தட்டில் எடுத்து வையுங்கள், விளக்கை அணையுங்கள், விளிம்பில் இரண்டு கங்கோங் தண்டைச் செருகுங்கள். ஒரு மாதம் பொறுங்கள். தண்ணீர் தெளியும்.